மாதம் ஒரு தாலிக்குண்டு

மணப்பெண்ணின் கன்னத்தில் ஒரு கரும்புள்ளி இருந்தது. நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவள். விழுப்புரம், செஞ்சி, வல்லம் பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் படங்களை அனுப்புவார்கள். திண்டிவனத்தில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து பரு, தழும்பு, வியர்வை, மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்று கொட்டாவி விடும் சித்தப்பா எல்லாவற்றையும் அழித்து, பக்கம் பக்கமாக அடுக்கித் திருப்பி அனுப்புவேன். புள்ளி அழிப்பதெல்லாம் எனக்குப் பல் விளக்குகிற மாதிரி. பிரஷ்ஷை மேலே வைத்து ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். திருஷ்டிப் பொட்டாக இருந்தால் மட்டும் தொட மாட்டேன். தொட்டால் பெண்ணைப் பெற்றவர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். இது பொட்டு மாதிரி உருண்டையாக இல்லை, நூல் பிசிறு மாதிரி இருந்தது.

தட்டினேன், போகவில்லை. இன்னொரு முறை தட்டினேன். புள்ளி கன்னத்தை விட்டு நகர்ந்து மூக்குத்தி ஓரம் போய் நின்றது. அடுத்த படத்தைத் திறந்தால் மாப்பிள்ளையின் வேட்டியில் இருந்தது. அதற்கும் அடுத்ததில் ஐயரின் தலைமேல். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆடி முழுக்க வேலையில்லாமல் காய்ந்து கிடந்துவிட்டு, ஆவணி பிறந்து கைக்கு வந்த முதல் ஆல்பம் அது. விழுப்புரத்து ஸ்டுடியோ தம்பிக்குப் போன் போட்டேன்.

"தம்பி, உன் கேமராவுல தூசு ஏறிக்கிச்சு. எல்லா படத்துலயும் கருப்பா ஒண்ணு நிக்குது. அதைத் தொடைக்கக் கூடவா நேரமில்ல உனக்கு?"

"இன்னாக்கா சொல்றீங்க? போன வாரம்தான் சர்வீஸுக்குக் குடுத்து வாங்கினேன். எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"உனக்கு எங்க தெரியும்! கல்யாண வூட்ல பந்தி எப்போ போடுவாங்கன்னுதான் உனக்குத் தெரியும்" என்று வைத்துவிட்டேன்.

பிறகு மானிட்டரைத் துடைத்தேன். ஈரத்துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை. "என்னாடி, காலையில இருந்து அதையே தொடைச்சிக்கினு இருக்க?" என்று அம்மா உள்ளேயிருந்து வந்தாள். பதில் சொல்லத் திரும்பினேன். புள்ளி அம்மாவின் நெற்றியில் இருந்தது. "அசையாத நில்லும்மா" என்றேன். அம்மா நின்றாள். புள்ளி நிற்கவில்லை. மெதுவாக அவள் தோளுக்கு இறங்கி, சுவருக்குப் போய், காலண்டரின் மேல் மிதந்தது. தூசு கேமராவில் இல்லை, மானிட்டரிலும் இல்லை. என் வலது கண்ணுக்குள் இருந்தது.

என் பயம் எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் மற்றது புரியும். ஃப்ரீலான்ஸ் என்றால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. "வேலைக்குப் போறியா, வூட்ல இருக்கியா?" என்பார்கள். வீட்டிலிருந்தே வேலை என்றால், "கொரோனாவுல பண்ணாங்களே, அதுவா? இன்னுமா முடியல?" என்பார்கள். சம்பளச் சீட்டு கிடையாது, பி.எஃப். கிடையாது. காய்ச்சல் என்று இரண்டு நாள் படுத்தால் அந்த ஆல்பம் வேறொருவர் கைக்குப் போய்விடும். தையிலும் வைகாசியிலும் தலை சொறிய நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் ஸ்டுடியோக்காரர்கள் என் போனையே எடுக்க மாட்டார்கள். வீட்டில் அம்மாவும் நானும்தான். நான் சாய்ந்தால் பிடிக்க ஆள் இல்லை. ஆசைப்பட்டுச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் பயந்து பயந்து சேர்த்தவள். எந்த ஸ்டுடியோவிலிருந்து பணம் வந்தாலும் முதலில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டுத்தான் அரிசி வாங்குவேன்.

ஒதுக்கியதை எதில் வைப்பது என்பதுதான் பேஜாரு. போனில் இருக்கிற பணம் பணமே இல்லை, தொட்டால் போய்விடும். மாதம் மாதம் கட்டுகிற டெபாசிட் ஒன்று போட்டேன், ஆடியில் உடைத்தேன். மறுபடி போட்டேன், மார்கழியில் உடைத்தேன். என்னிடமிருந்தே என் பணத்தைக் காப்பாற்ற ஒரு வழி வேண்டியிருந்தது. கடைசியில் தாலிக்குண்டில் போய் நின்றேன். தாலிச் சரட்டில் கோக்கிற சின்னத் தங்க உருண்டை. எங்கள் பக்கத்தில் கம்மலை விற்பார்கள், செயினை விற்பார்கள். தாலிக்குண்டை விற்கிறேன் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "வாயக் கழுவுடி" என்பாள் அம்மா. அந்த மாதிரிப் பூட்டு எந்த பேங்கிலும் கிடையாது. மாதம் ஒரு குண்டு என்று ஆரம்பித்தேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாற்பதைத் தொடப் போகிறேன். ஊரில் உள்ளவர்களின் கல்யாணத்தை எல்லாம் அழகாக்கி அனுப்பி, அந்தப் பணத்தில் தாலிக்குண்டு வாங்கி வைக்கிறவள் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். திண்டிவனம் பஜாரில் நான் வாங்குகிற சின்ன நகைக்கடைக்காரருக்கும் அப்படித்தான். ஒவ்வொரு மாதமும், "இன்னாம்மா, மாப்ள அமைஞ்சிட்டாரா?" என்பார். "அமைஞ்சா உங்களுக்குத்தான் முதல் பத்திரிகை. இப்ப குண்டை எடுங்க" என்பேன். அம்மாவுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. "குண்டு சேருதுல்ல, அதுவே ஒருத்தனை இழுத்துக்கினு வரும் பாரு" என்பாள். தங்கம் விலை ஏற ஏறக் குண்டு சிறுத்துக்கொண்டே வந்ததே தவிர, எவனும் வரவில்லை. ஆனால் ஒரு மாதமும் நான் விடவில்லை. ஆடியில் கேப்பைக்கூழ் குடித்துக்கொண்டு வாங்கியிருக்கிறேன்.

சேர்ந்த பிறகு அடுத்த பயம் பிடித்தது. அப்போது நாங்கள் விழுப்புரத்தில் இருந்தோம். பின் வீட்டில் பட்டப்பகலில் பூட்டை உடைத்துப் பீரோவைத் துடைத்துவிட்டுப் போனார்கள். பேங்கில் லாக்கர் கேட்டேன், காலி இல்லை என்றார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் செய்கிறதை நானும் செய்தேன். நகையை பேங்கிலேயே அடகு வைத்துவிடுவது. கடன் வேண்டும் என்றில்லை. எவ்வளவு குறைவாகக் கேட்க முடியுமோ அவ்வளவு குறைவாகக் கடன் கேட்பது. வருடம் ஒருமுறை கொஞ்சூண்டு வட்டி கட்டி மாற்றி வைத்தால், நகை பேங்கின் இரும்பறையில் பத்திரமாக இருக்கும். எடை போடுகிற மதிப்பீட்டாளர் முதல் முறை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்ளோ தங்கத்துக்கு இவ்ளோதான் கேக்குறியாம்மா?"

"பணம் வேணாங்க. பத்திரமா இருந்தா போதும்."

ஒவ்வொரு தையிலும் பேங்கிலிருந்து போனுக்கு மெசேஜ் வரும். போய் வட்டி கட்டி, அந்த வருடம் வாங்கிய குண்டுகளையும் சரட்டில் கோத்துக் கொடுத்துவிட்டு வருவேன். வாடகை குறைவு என்று திண்டிவனத்துக்குக் குடிவந்த பிறகும் விழுப்புரத்து பேங்கிலேயே விட்டுவைத்தேன்.

ஆக, கண்ணில் புள்ளி தெரிந்த நாளில் நான் பயந்ததெல்லாம் கண்ணுக்காகத்தான். பணத்துக்காக இல்லை. இரண்டு நாளில் புள்ளிகள் கொசுக்கூட்டமாக ஆயின. கண்ணை மூடினாலும் ஓரத்தில் பளிச் பளிச்சென்று மின்னல் அடித்தது. மூன்றாம் நாள், வலது கண்ணின் கீழ் ஓரத்தில், மூக்குப் பக்கமாக, ஒரு நிழல் ஏறியது. திரை இழுத்த மாதிரி. அம்மாவையும் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டரம்மா கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். "விழித்திரை ஓரத்துல கிழிஞ்சு, உரிஞ்சுக்கிட்டு வருதும்மா. நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கிட்டுதான் இருக்கு. அதுவும் கழண்டுட்டா, அப்புறம் ஆபரேஷன் பண்ணாலும் பழைய பார்வை வரும்னு சொல்ல முடியாது. நாளைக்கே அட்மிட் ஆயிடுங்க. அதுவரைக்கும் ஓடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தலை குலுங்கக் கூடாது. என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். அவர் சீட்டில் "அவசரம்" என்று எழுதி அடிக்கோடு போட்டார். அந்தக் கோடுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கவுன்ட்டரில் கேட்டார்கள். முன்பு அதற்கு மனுப் போட்டபோது வருமானச் சான்று கேட்டிருந்தார்கள். எந்த மாதத்து வருமானத்தைச் சொல்வது? தையைச் சொன்னால் பணக்காரி, ஆடியைச் சொன்னால் பிச்சைக்காரி. அந்த மனு அப்படியே நின்றுபோயிருந்தது. "அட்டை இல்ல. ஆனா பணம் இருக்கு" என்றேன். சொல்லும்போது, அந்தப் பயத்திலும், எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. குண்டுகளைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். இதற்குத்தானே சேர்த்தேன்.

மறுநாள் காலையில் அம்மாவைத் துணிப்பையோடு பாண்டிச்சேரி பஸ் ஏற்றிவிட்டு, "ஆஸ்பத்திரியில ஒக்காந்திரும்மா, மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லி, நான் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன். கடைசியாக பேங்குக்குப் போய்வந்த பிறகு வாங்கி வீட்டில் வைத்திருந்த குண்டுகளையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டேன். தூக்கிப் போடாது என்று டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாம்மா, தலைவலியா? இங்க அனலடிக்கும், பின்னாடி போய் ஒக்காரு" என்றார் கண்டக்டர்.

"பின்னாடி தூக்கிப் போடுங்க. இங்கயே இருக்கேன்."

சும்மா நாளில் கவனிக்காத ரோடு அது. அன்றைக்குத்தான் அதில் எத்தனை பள்ளம், எத்தனை மேடு என்று என் கண்ணுக்குத் தெரிந்தது. கூட்டேரிப்பட்டு தாண்டிப் பாலம் கட்டுகிற இடத்தில் பஸ் சர்வீஸ் ரோட்டில் தடால் என்று இறங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. எதிரே கண்ணாடிக்கு மேல் "ஓடும் பேருந்தில் ஏறாதீர்கள்" என்று எழுதியிருந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் அதைப் படித்தேன். எல்லா எழுத்தும் இருந்தன. அடுத்த வேகத்தடையில் ஏறி இறங்கியதும் மறுபடி பொத்திக்கொண்டு படித்தேன். விக்கிரவாண்டி வரும்போது கடைசி எழுத்தின் காலடியில் நிழல் வந்திருந்தது. நிழல்தான் ஏறியதா, நான்தான் தலையைச் சாய்த்தேனா தெரியவில்லை. அதற்குப் பிறகு படித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "முருகா, நடுவுல மட்டும் வுட்டுடு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

விழுப்புரத்தில் ஷேர் ஆட்டோ கூப்பிட்டார்கள். அதில் ஏறினால் குடல் வாய்க்கு வரும், கண் எந்த மூலைக்கு? நடந்தேன். நிறைகுடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறவள் மாதிரி, சிந்தாமல்.

பேங்கில் கவுன்ட்டர் பையன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தான். மறுபடி தட்டினான். "மேடம், இது ஏலத்துக்குப் போயிருக்கே."

"எந்த ஏலம்?"

"இன்னைக்குத்தான் மேடம். மாடியில நடந்துக்கிட்டிருக்கு. தையோட கெடு முடிஞ்சிருச்சு, நீங்க வரவேயில்ல. எத்தனையோ மெசேஜ் போயிருக்கு. தபால் அனுப்பினது ஆள் இல்லன்னு திரும்பிடுச்சு."

"எனக்கு ஒரு மெசேஜும் வரலியே!" என்று கத்தினேன். அவன் அவர்களிடம் இருந்த நம்பரைப் படித்துக் காட்டினான். படித்து முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அது என்னுடைய இன்னொரு சிம். போன வருடம் ஆடியில், இரண்டு நம்பருக்கும் ரீசார்ஜ் போட்டுக் கட்டுப்படியாகவில்லை என்று அந்த ஒன்றை விட்டுவிட்டேன். லோன் வேணுமா, லோன் வேணுமா என்று தொல்லை கொடுக்கிற நம்பர்தானே, போய்த் தொலையட்டும் என்று விட்டேன். அந்த ரீசார்ஜ் காசு மிச்சமானது கூட அந்த மாதத்துக் குண்டில்தான் சேர்ந்தது. தை வந்தது. முகூர்த்த வேலை மூச்சுமுட்ட இருந்தது. மெசேஜ் வரவில்லை, அப்படியானால் இன்னும் நாள் இருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். சிக்கனம் பிடித்துச் சிக்கனம் பிடித்து, நானே என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"இப்ப கட்டிட்டா குடுத்துடுவீங்களா?"

"ஏலம் கூப்பிட்டு முடியறதுக்குள்ளன்னா கட்டிடலாம் மேடம். முடிஞ்சிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. மேல போன் எடுக்க மாட்டேங்குறாங்க. நீங்க ஜல்தியா போய்ச் சொல்லுங்க."

ஜல்தியா. மாடிப்படிக்கு முன்னால் வந்து நின்றேன். ஓடினால் கண் போகும். நடந்தால் குண்டு போகும். குண்டு போனால் கண்ணும்தான் போகும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி ஏறினேன். மேலே யாரோ ஒருவர் தொகை சொல்வதும் இன்னொருவர் ஏற்றிச் சொல்வதும் கேட்டது. இன்னொரு படி ஏறினேன். அப்போதுதான் தோன்றியது, ஓடக் கூடாது என்றுதானே டாக்டரம்மா சொன்னார், கத்தக் கூடாது என்று சொல்லவில்லையே.

"ஏய், நிறுத்துங்கய்யா! தாலிக்குண்டு என்னுது! யாரும் வெல சொல்லாதீங்க!"

சின்ன வயதில் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பொறுக்க வரும் காக்காயை விரட்டிய குரல் அது. பேங்கே திரும்பிப் பார்த்தது. செக்யூரிட்டி ஓடி வந்து, "எம்மா, எம்மா, பேங்க்மா இது" என்றார். "பேங்க்னு தெரியும். என் கையப் புடிச்சி மெதுவா மேல ஏத்துங்க. கண்ணு கழண்டு வுழுந்துடும்" என்றேன். அவர் மிரண்டுபோய் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை கத்திக்கொண்டே ஏறினேன்.

மாடியில் ஒரு நீள மேசை. வெள்ளைச் சட்டைக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், நகை வியாபாரிகள். மதிப்பீட்டாளர் கையில் என் குண்டுச் சரடு தொங்கிக்கொண்டிருந்தது. இடது கண்ணில் கலைந்த முடி விழுந்திருந்தது, வலது கண்ணின் நிழல் சரட்டின் அடிப்பாதியை மறைத்தது. பாதிதான் இருக்கிறதோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். முடியை மெதுவாக ஒதுக்கி இடது கண்ணால் பார்த்தேன். முழுசாக இருந்தது.

"இந்தம்மாதான் சார். கம்மியா கேக்குமே, அந்தம்மா" என்றார் மதிப்பீட்டாளர், பக்கத்தில் இருந்த ஆபீசரிடம்.

"ஒருத்தர் தொகை சொல்லியாச்சேம்மா" என்றார் ஆபீசர். "இன்னும் முடிக்கல. ஆனா..."

தொகை சொன்னவர் என்னைப் பார்த்தார். புடவை தோளிலிருந்து இறங்கி, தலை கலைந்து, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். கழுத்தில் ஒன்றும் இல்லை. அவர் என்ன நினைத்துக்கொண்டாரோ, கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "எனக்கு வேணாம் சார். வேற வெச்சிக்கங்க. தாலிக்குண்டு, அந்தம்மா வயிறெரிஞ்சி நிக்குது. அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?" மற்றவர்களும் வாயைத் திறக்கவில்லை. புருஷன் இல்லாதவள் என்று நினைத்திருப்பார்கள். புருஷனே வரவில்லை என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. வட்டியும் அசலும் கட்டினேன். அது சின்னத் தொகைதான், பையில் இருந்தது. சரடு கைக்கு வந்தது. அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்தான். பிறகு அதே சரட்டையும், டப்பாவில் இருந்த குண்டுகளையும் மதிப்பீட்டாளர் முன்னால் வைத்தேன்.

"மறுபடியும் வெக்கிறியாம்மா? வழக்கம்போல கம்மியாத்தானே?"

"இல்லீங்க. எவ்ளோ குடுப்பீங்களோ, அவ்ளோவும் வேணும்."

இத்தனை வருடம் அந்த மேசைக்கு முன்னால் குறைவாகக் கேட்டே பழகிய வாய். அதுவரை அந்தத் தங்கம் என் சேமிப்பு. அந்த நிமிடத்திலிருந்து அது கடன். ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை மாதம் வேலை செய்ய முடியாதோ, அத்தனை மாதமும் வட்டி மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும்.

கீழே கவுன்ட்டர் பையன் புது நம்பர் கேட்டான். சொன்னேன். "கெடுவுக்கு முன்னாடி மெசேஜ் வரும் மேடம்."

"மெசேஜ் வேணாம் தம்பி. போன் பண்ணுங்க. கண்ணு இருக்குமோ என்னமோ, காது இருக்கும்."

அவன் சிரிக்க வாயெடுத்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அம்மாவின் நம்பரையும் சேர்த்து எழுதிக்கொண்டான்.

அன்று சாயங்காலமே பாண்டிச்சேரியில் ஆபரேஷன் செய்தார்கள். கண்ணுக்குள் காற்று அடைத்திருக்கிறோம், குப்புறப் படுத்தே இருக்க வேண்டும், நிமிரக் கூடாது என்றார்கள். நாள் கணக்கில் தரையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அம்மாவின் பாதத்தை மட்டும் பார்த்தே அவள் மனசு எப்படி இருக்கிறது என்று சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டேன். ஸ்டுடியோக்காரர்கள் போன் பண்ணி விசாரித்தார்கள். ஆவணி ஆல்பங்களை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த மாதம் குண்டு வாங்கவில்லை. அடுத்த மாதமும் வாங்கவில்லை. நகைக்கடைக்காரர் அம்மாவை பஜாரில் பார்த்து, "இன்னாம்மா, பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சா? ஆளையே காணோம்" என்று கேட்டாராம். அம்மா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்த பிறகு அவள் பாதம் அசையாமல் வெகுநேரம் நின்றது.

கண்ணுக்குள் இருந்த காற்று கரையக் கரைய, தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போல உலகம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வந்ததை நான் நம்பவில்லை. காலையில் எழுந்ததும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரைப் பார்ப்பேன். தேதி தெரிந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். கம்ப்யூட்டரில் கொஞ்சம் கொஞ்சமாக உட்காரலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகும், வட்டி ஏறிக்கொண்டிருந்தும், உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. கார்த்திகையில் விழுப்புரத்துத் தம்பிதான் ஒரு சின்ன ஆல்பத்தை அனுப்பினான். "பொறுமையா பண்ணுங்கக்கா. அவசரமில்ல."

முதல் படத்தைத் திறந்தேன். மணப்பெண்ணின் கன்னத்தில் ஒரு கரும்புள்ளி இருந்தது.

அம்மாவைக் கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டு என்ன கேட்பது? உனக்கும் தெரிகிறதா என்று கேட்டு, தெரியவில்லை என்று சொல்லிவிட்டால்? அடகு வைக்க இனி ஒரு குண்டுமணி கிடையாது. பிரஷ்ஷைப் புள்ளியின் மேல் கொண்டுபோய் வைத்தேன். இது நகரக் கூடாது, இது நகரக் கூடாது என்று சொல்லிக்கொண்டே தட்டினேன்.

போய்விட்டது. ஒரே தட்டில் போய்விட்டது. கன்னம் வெறும் கன்னமாக இருந்தது. அடுத்த படத்திலும் அதே இடத்தில் இருந்தது, தட்டினேன், போனது. எல்லாப் படத்திலும் தட்டினேன். எல்லாவற்றிலும் போனது. வெறி பிடித்தவள் மாதிரி ஒன்று விடாமல் அழித்து, ஆல்பத்தை முடித்து அனுப்பினேன். முன்பணமாக வந்ததில் முதல் பங்கை எடுத்து பேங்க் வட்டிக்குக் கட்டினேன்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி போன் பண்ணினான். "அக்கா, இன்னாக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? பொண்ணு வூட்ல சண்டைக்கு வந்துட்டாங்க. திருஷ்டிப் பொட்டை எல்லாப் படத்துலயும் அழிச்சி வெச்சிருக்கீங்களே!"

"தம்பி, அந்தப் பொட்டு நெஜமாவே அங்க இருந்துச்சா?"

"இருந்துச்சேக்கா. அவங்கம்மாவே வெச்சாங்க, நான் பக்கத்துலதான நின்னேன்."

"எல்லா படத்துலயும் அதே எடத்துலயா இருந்துச்சு? நகரலியே?"

"பொட்டு எங்கக்கா நகரும்? ஐயோ, ஏன்க்கா அழுவுறீங்க? நான் ஒண்ணும் கோச்சிக்கல. பேமென்ட்லயும் புடிக்க மாட்டேன்."

"திரும்ப வெச்சிடறேன் தம்பி" என்றேன். அன்று பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார்ந்து, அழித்த பொட்டையெல்லாம் ஒவ்வொன்றாக அந்தந்தக் கன்னத்திலேயே திரும்ப வைத்தேன்.